சி. பி. என்ற இரண்டு எழுத்து

சாரங்கபாணி சன்னதித் தெரு வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அந்தத் தெருவில்தான் இருக்கிறது. இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது. நான் சிறுமியாக இருந்த காலத்தில் அப்படி எதுவும் கிடையாது. அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டே ஒரு கையை நீட்டி, "அதோ, அந்த வீடுதான்" என்பார். வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவார். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு ராமானுஜன் என்றால் ஒருவர்தான். இன்னொருவர் இருக்க முடியும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கல்வெட்டு ஆராய்ச்சி வரை எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். பிறர் எழுத்தில் கை வைக்கிற வேலை இது. அதில் நான் செய்த மிகப் பெரிய பிழையைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டு, ராமானுஜனின் 125ஆவது பிறந்த ஆண்டு. அரசு அதைத் தேசிய கணித ஆண்டாக அறிவித்திருந்தது. டிசம்பர் 22 நெருங்க நெருங்க, சுற்று வட்டாரக் கல்லூரிகளிலிருந்து மலர் மேல் மலராக வந்துகொண்டிருந்தது. எந்த மலரைப் பிரித்தாலும் 1729 இருக்கும். ராமானுஜனைப் பார்க்க ஆங்கிலேயக் கணிதர் ஹார்டி வந்த வாடகைக் காரின் எண் அது. அந்தக் கதையை அந்த மாதத்தில் மட்டும் ஏழெட்டு முறை மெய்ப்புப் பார்த்திருப்பேன். அப்படி வந்த ஒரு மலரில், ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் கட்டுரை எழுதியிருந்தார். கோடு போட்ட தாளில், நீல மையில், ஒன்பது பக்கம். தலைப்பில் 'சி. பி. ராமானுஜம்' என்று இருந்தது.

கணினியில் கோத்து எடுத்த முதல் மெய்ப்பு என் கைக்கு வந்தது. 'ம்' என்ற எழுத்தைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'ன்' என்று எழுதினேன். அடுத்த வரியில் மறுபடி 'ம்'. மறுபடி சுழித்தேன். பெரியவர், பழைய காலத்து வழக்கத்தில் எழுதியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். கட்டுரை முழுக்க 31 இடங்கள். ஓரிடத்திலும் கை தயங்கவில்லை. தலைப்பில் இருந்த 'சி. பி.'க்குக் கீழே கோடிட்டு, 'சீனிவாச?' என்று கேள்விக்குறி போட்டிருந்தேன். கோப்பவர் இளைஞர். ஓரத்தில் நான் எழுதுவதெல்லாம் அவருக்குத் திருத்தம்தான். கேள்விக்குறியை விட்டுவிட்டுச் 'சீனிவாச ராமானுஜன்' என்று போட்டுவிட்டார். தலைப்பு அப்படி வந்த பிறகு, பக்கம் அமைத்தவர் எல்லோருக்கும் தெரிந்த அந்த ராமானுஜன் படத்தைப் பொருத்தமாக மேலே வைத்தார்.

கட்டுரையில் ஆண்டுகள் இருந்தன. 1938 என்று இருந்தது, 1957 என்று இருந்தது. கைப்பிரதியில் உள்ள எண்தான் அச்சிலும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன், இருந்தது. அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

மலர் வெளியான மூன்றாம் நாள் காலையில், துணிப்பையுடன் பெரியவர் ஒருவர் படியேறி வந்தார். முதலாளி வெளியே போயிருந்தார். "அம்மா, இந்த மலருக்குப் புரூஃப் பார்த்தது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். பையிலிருந்து மலரை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து, என் மேசை மேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இவர் 1920 ஏப்ரலில் இறந்துவிட்டார் அம்மா. நான் எழுதிய ஆள் பிறந்ததே 1938இல்."

உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது எனக்கு. மன்னித்துவிடுங்கள் சார் என்று ஏதோ சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "இவரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாது என்பதால்தானே எழுதினேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் என் எதிரில் உட்கார்ந்து சொன்னார். நான் கணிதம் படித்தவள் அல்லள். புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

சக்கரவர்த்தி பத்மநாபன் ராமானுஜம், 1938 ஜனவரி 9 அன்று சென்னையில் பிறந்தார். லயோலா கல்லூரியில் படித்தார். அங்கே பாதிரியார் ராசின் என்றொரு பிரெஞ்சுக்காரர் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். நல்ல மாணவர்களைக் கண்டுபிடித்து, பம்பாயில் இருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகத் தூண்டியவர். சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் போன்றவர்கள் அவர் கையில் வளர்ந்தவர்கள்தாம். ராமானுஜமும் 1957இல் பம்பாய் போனார். அப்போது வயது 19.

அங்கே எண் கோட்பாட்டில் கடினமான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். மாறிகளின் முப்படிகளைக் கொண்ட ஒரு கோவை. எல்லா மாறிகளுக்கும் பூச்சியத்தைப் போட்டால் விடை பூச்சியம் என்பது யாருக்கும் தெரியும். பூச்சியம் அல்லாத எண்களைப் போட்டும் பூச்சியத்தை வரவழைக்க முடியுமா? 54 மாறிகள் இருந்துவிட்டால் போதும், எந்த இயற்கணித எண் களத்தில் நின்று கேட்டாலும் முடியும் என்று நிறுவினார். "54 என்பதை எங்கிருந்து பிடித்தார் சார்?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டார். "அதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் வேண்டும், உங்களுக்கு ஆறு வருடம் வேண்டும்" என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குள் தைத்துவிட்டது. வெளிநாட்டு மேதைகள் டாடா நிலையத்துக்கு வந்து தொடர் சொற்பொழிவு ஆற்றுவார்கள். உள்ளூர் இளைஞர் ஒருவர் குறிப்பெடுத்து அதைப் புத்தகமாக எழுதித் தருவார். ரஷ்யக் கணிதர் ஷஃபரேவிச்சின் சொற்பொழிவுகளை ராமானுஜம் எழுதினார். 1966இல் அது நூலாக வந்தது. தவறுகளைத் திருத்தியதோடு, பேச்சில் தாம் வெறுமனே கூறிச் சென்ற பல முடிவுகளுக்கு நிரூபணங்களையும் நிரப்பித் தந்திருக்கிறார் என்று ஷஃபரேவிச்சே நன்றி சொல்லியிருக்கிறார். அமெரிக்கரான டேவிட் மம்ஃபோர்டின் புகழ்பெற்ற 'ஏபிலியன் வெரைட்டீஸ்' நூலும் பம்பாய்ச் சொற்பொழிவுகளிலிருந்து உருவானதுதான். அதையும் எழுதித் தந்தவர் ராமானுஜம். பிறர் சொன்னதைப் பிசகாமல் தாளில் ஏற்றி, அவர்கள் விட்ட இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பது. என் தொழிலும் அதன் கடைக்கோடியில் இருப்பதுதானே என்று எனக்குத் தோன்றியது. அப்படிப்பட்டவரின் பெயரை நான் திருத்தியிருக்கிறேன்.

1971இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஒரு பரப்பு வருகிறது. அவர் பெயரிலேயே ராமானுஜம் பரப்பு என்று அதைச் சொல்கிறார்கள். உள்ளே நின்று பார்த்தால் சாதாரணத் தளத்துக்கு உரிய இலக்கணம்தான் தெரியும். துளை கிடையாது, தொடர்ச்சியாகச் சுருக்கிக்கொண்டே வந்தால் ஒரு புள்ளியாகிவிடும். ஆனால் அது தளம் அன்று. "எல்லை வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும் அம்மா. முடிவிலியின் ஓரத்தில்தான் வேறுபாடு தெரியும்" என்றார் பெரியவர். மேசையில் கிடந்த என் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒரு தாளில் ஏதோ வளையங்களை வரைந்து காட்டினார். எனக்கு அது பிடிபடவில்லை. அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அறுபதுகளிலேயே ராமானுஜத்துக்கு மனச்சிதைவு நோய் வந்துவிட்டது. நடுநடுவே நன்றாக இருந்த காலங்களில் செய்த வேலைதான் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி. 1974 அக்டோபர் 27 அன்று பெங்களூரில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 36. கும்பகோணத்து ராமானுஜன் காசநோயாளி என்று கருதப்பட்டு, 32 வயதில் போனார். அவர் போன கதையை நாம் ஊர் கூடி அழுது சொல்கிறோம். மற்றவருடைய கதையைச் சொல்ல ஒரு மலரில் ஒன்பது பக்கம் கிடைத்தது. அதில்தான் நான் கை வைத்தேன்.

ஆங்கிலத்திலும் இந்த ஆபத்து உண்டாம். இருவர் பெயரிலும் கடைசி ஓர் எழுத்துதான் வேறு. தட்டச்சுப் பலகையில் அந்த இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

முதலாளி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். 600 பிரதிகளில் 380 கல்லூரியிலேயே கட்டுக் கட்டாக இருந்தன. அவற்றை வரவழைத்தோம். பெரியவர் தன்னிடம் இருந்த ஒரு நூலிலிருந்து சி. பி.யின் படத்தை நகலெடுத்துக் கொண்டுவந்து தந்தார். அதை வைத்துச் சரியான தலைப்போடு ஒரு துண்டு அச்சிட்டு, தவறான படத்தை மறைத்து ஒட்டினோம். நானும் புத்தகம் தைக்கும் பெண்கள் இருவரும் இரண்டு நாள் உட்கார்ந்தோம். பசை அதிகமானால் தாள் சுருங்கும். குறைந்தால் மூலை எழும்பும். ஒட்டியபின் மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்து உள்ளங்கையால் நீவ வேண்டும். 380 முறை நீவினேன்.

31 எழுத்துகளை ஒட்டித் திருத்த வழி இல்லை. "இக்கட்டுரையில் 'ராமானுஜன்' என வரும் இடங்களில் 'ராமானுஜம்' எனப் படிக்கவும்" என்று ஒரு பிழைதிருத்தத் தாள் தயாரித்தேன். பெரியவர் படித்துவிட்டு, "இதுவும் தப்பு அம்மா" என்றார். கட்டுரையின் நான்காம் பக்கத்தில் சீனிவாச ராமானுஜனைப் பற்றியே இரண்டு வரி எழுதியிருந்தார். அங்கே 'ன்'தான் சரி. அந்தப் பத்தி நீங்கலாக என்று சேர்த்த பிறகுதான் தாள் அச்சுக்குப் போனது.

அன்றிலிருந்து முன்னெழுத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. சங்கப் புலவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். உறையூர் மருத்துவன் தாமோதரனார். கடியலூர் உருத்திரங்கண்ணனார். தந்தை யார், தொழில் என்ன, எந்த ஊர் என்று சேர்த்துச் சொல்லி ஆளை அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். கண்ணனும் நாகனும் சாத்தனும் தெருவுக்கு ஒருவர் இருந்திருப்பார்கள் அல்லவா? அந்த ஊரும் தந்தையும் தேய்ந்து தேய்ந்துதான் இன்று ஒன்றிரண்டு எழுத்தாக, புள்ளி வைத்து, நம் பெயருக்கு முன்னால் நிற்கின்றன. அடைமொழி எதுவும் இல்லாமல் நிற்கும் ஔவையாருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அதியமானோடு ஒரே பந்தியில் கள்ளும் சோறும் பகிர்ந்துகொண்ட சங்கப் புலவரும், பல நூற்றாண்டு பிந்தி ஆத்திசூடி பாடியவரும் கோல் ஊன்றிய ஒரே பாட்டியாகிவிட்டார்கள். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. புறநானூற்று ஔவைக்கு அந்த நரையையும் கோலையும் யார் கொடுத்தது?

ராமானுஜன் என்ற பெயரிலேயே ஒரு பெரும் முன்னெழுத்துச் சிக்கல் இருக்கிறது. 'ஸ்ரீனிவாச' என்பது அவருடைய தந்தையின் பெயர். துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை பார்த்தபோதும், ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோதும் அவர் போட்ட கையொப்பம் எஸ். ராமானுஜன்தான். உலகம் தந்தை பெயரையும் அவர் பெயராக்கிக்கொண்டது.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரே பெயர் கொண்டவர்களை ஒரே பக்கத்தில் எழுதி வைக்கும் நோட்டு. முதல் பக்கத்தில் தலைமாட்டில் இருப்பவர் ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் அவதரித்த உடையவர், வைணவ ஆசாரியர் ராமானுஜர். பிள்ளைப் பருவத்தில் அவருக்கு இளையாழ்வார் என்று பெயர். ராமானுஜன் என்றால் இராமனுக்கு அனுஜன், அதாவது தம்பி. இலக்குவன் என்று பொருள். வைணவ நூல்களை அச்சிட வரும்போது 'இராமாநுசர்' என்று தந்நகரம், அதாவது 'ந' வரிசை எழுத்து, போட்டுத் தருவார்கள். வடமொழி 'அநுஜ'வை ஒட்டி அது சரி. சொல்லின் நடுவில் தந்நகரம் தனித்து வராது என்ற தமிழ் வழக்கை ஒட்டினால் 'னு' சரி. முன்பெல்லாம் இதையும் ஒரே மாதிரியாக்கிவிடுவேன். இப்போது நூல் யாருடையதோ அவர்கள் எழுதுகிறபடி விட்டுவிடுகிறேன்.

அடுத்து ஏ. கே. ராமானுஜன். மைசூர்க்காரர், 1929இல் பிறந்தவர். கவிஞர், மொழிபெயர்ப்பாளர். அவருடைய தந்தை கணிதப் பேராசிரியர் என்று படித்தபோது பேனாவை வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெயருக்கும் கணக்குக்கும் என்ன உறவோ. 1962இல் ஒரு சனிக்கிழமை, சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் தேடிப் போன அவர் கையில், உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை கிடைத்தது. அதன்பின் குறுந்தொகை ஆங்கிலத்தில் புது வாழ்வு பெற்றது. உ. வே. சா. எங்கள் கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்தவர். அவர் சென்னைக்குப் போன மறு ஆண்டு, அதே கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தவர் எஸ். ராமானுஜன். ஓர் ஆண்டு பிந்திவிட்டது. அந்த வராந்தாவில் இருவரும் எதிரெதிரே நடந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது.

அந்தக் குறுந்தொகையில் 'செம்புலப் பெயல்நீர்' என்று பாடியவருக்குப் பெயரே இல்லை. தொலைந்துவிட்டது. பாடிய சொல்லையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். என் நோட்டில் தனிப்பக்கம் பெற்ற ஒரே ஆள் அவர்தான். அவரைப் போல் இன்னொருவர் இருக்க முடியாது.

இரண்டாம் பக்கத்தில் ஜானகி அம்மாள் இருவர். ஒருவர் எஸ். ராமானுஜனின் மனைவி, கணவர் போனபின் எழுபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1994இல் மறைந்தவர். மற்றவர் தலசேரியில் பிறந்த தாவரவியலாளர் இ. கே. ஜானகி அம்மாள், கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர், பயிர்களின் குரோமோசோம் அட்டவணையை 1945இல் டார்லிங்டனுடன் சேர்ந்து வெளியிட்டவர். ஒரு கைப்பிரதியில் இருவரும் ஒருவராகி, ராமானுஜனின் மனைவி கரும்பு ஆராய்ந்துகொண்டிருந்தார். தடுத்து நிறுத்தினேன்.

'சி. பி.' என்ற எழுத்துகளும் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. பழைய தலைமுறையிடம் வெறும் சி. பி. என்றால் திருவிதாங்கூர் திவான் ராமசாமி ஐயரைத்தான் நினைப்பார்கள். எழுத்தும் வேண்டும், பெயரும் வேண்டும், அந்தக் கடைசி ஒற்றும் வேண்டும்.

பேராசிரியர் தன் கையால் எழுதிக் கொடுத்த சீட்டை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். 'சக்கரவர்த்தி பத்மநாபன் ராமானுஜம்' என்று நீல மையில் எழுதி, கடைசி 'ம்'மின் புள்ளியை மட்டும் பேனாவை அழுத்தி இரண்டு முறை வைத்திருக்கிறார். தாளின் பின்பக்கம் தடவினால் அந்த இடம் விரலுக்குத் தட்டுப்படும்.

சென்ற மாதம் நாடகம் பற்றிய நினைவுக் குறிப்பு ஒன்று மெய்ப்புக்கு வந்தது. பாதிப் புத்தகத்துக்கு மேல் 'ராமானுஜம் சொன்னார்', 'ராமானுஜம் வந்தார்' என்றே போகிறது. முன்னெழுத்து ஓரிடத்திலும் இல்லை. நூலாசிரியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"யாரென்று எல்லோருக்கும் தெரியுமே அம்மா. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர், 'வெறியாட்டம்' போட்டவர்" என்றார்.

"எனக்குத் தெரிகிறது ஐயா. அடுத்து எடுத்துப் படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் எப்படிக் கையொப்பம் போடுவார் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன்.

சற்று நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "சே. போடுங்கள். முதல் இடத்தில் 'இ'யும் போட்டுவிடுங்கள்" என்றார்.

சே. இராமானுஜம் என்று எழுதி, திரும்ப ஒருமுறை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு வைத்தேன்.